இந்த வருஷ மேளத்தில் விடைபெற்றவை

என் தம்பிக்கு நவம்பர் பிறந்ததுமே வருஷம் முடிந்துவிடும். எங்கள் சாப்பாட்டு மேஜையின் ஜன்னலோர மூலையைப் பிடித்துக்கொள்வான். மடிக்கணினியைத் திறந்துவைத்து, ஒரு சின்ன மைக்கின் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, "வணக்கம், இந்த வருஷ மேளம்" என்று ஆரம்பித்துவிடுவான். அதற்குப் பிறகு அந்த மூலையில் ஒரு டம்ளர்கூட வைக்க முடியாது. நான் அவனுக்கு அக்கா. மேஜையும் என்னுடையதுதான். ஆனாலும் டிசம்பர் முடியும்வரை நானும் என் வீட்டுக்காரரும் ஒரே பக்கமாக நெருக்கிக்கொண்டு, முழங்கை இடிக்க இடிக்கத்தான் சாப்பிட வேண்டும்.

மேளம் என்றால் கச்சேரியில் வாசிக்கிற மேளம் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஜப்பான்காரர்கள் செய்த ஒரு விளையாட்டு. திரையில் பாட்டு ஓடும். பாட்டோடு சேர்ந்து சிவப்பு வட்டங்களும் நீல வட்டங்களும் வரிசையாக நகர்ந்து வரும். சிவப்பு வந்தால் முன்னால் நிற்கிற பெரிய மேளத்தின் நடுவில் அடிக்க வேண்டும், ‘டொன்’ என்று கேட்கும். நீலம் வந்தால் விளிம்பில் அடிக்க வேண்டும், ‘கா’ என்று கேட்கும். அவ்வளவுதான். இதற்குப் போய் கடையில் நிற்கிற பெரிய மெஷினுக்கு ஒன்று, வீட்டு டிவிக்கு ஒன்று, கைபேசிக்கு ஒன்று என்று ஒரு குடும்பமே பெருகிக் கிடக்கிறது. வருஷாவருஷம் புதுப் பாட்டு வேறு.

அந்தக் குடும்பத்தின் ஒரு வருஷத்து நல்லது கெட்டதைத் தொகுத்து வீடியோவாகப் போடுவதுதான் தம்பியின் வேலை. எந்தப் பாட்டு புதிதாக வந்தது, எது மணிக்கட்டை ஒடித்தது, வீட்டு மேளத்தின் ரப்பர் போன தடவையைவிடத் தேவலையா, எல்லாம் சொல்வான். கடைசியில் ‘விடைபெற்றவை’ என்று ஒரு பகுதி வரும். பாட்டுக்குச் சொந்தக்காரர்களோடு போட்ட ஒப்பந்தம் முடிந்தால், அந்தப் பாட்டை மெஷினிலிருந்து எடுத்துவிடுவார்களாம். அப்படிப் போகிற ஒவ்வொரு பாட்டுக்கும் பேர் சொல்லி இரண்டு வார்த்தை பேசுவான். இழவு வீட்டில்கூட இவ்வளவு உருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை. இதைப் பார்க்க ஆட்கள் வேறு காத்துக் கிடக்கிறார்கள். உலகத்தில் எதற்குத்தான் ஆள் இல்லை?

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரச்சாமான் தொழிற்சாலையில் பலகை அறுக்கிற பகுதியில் வேலை. காலை முதல் மாலை வரை சுழல் ரம்பத்தின் முன்னால் நிற்பான். சின்ன வயதிலிருந்தே வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரிதான். வகுப்பில் வாத்தியார் பேர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குவான். கல்யாணம் ஒன்று ஆகி, வருஷம் திரும்புவதற்குள் இரண்டு பேரும் சண்டைகூடப் போடாமல் பிரிந்தார்கள். "என்னடா ஆச்சு?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் ஆகலக்கா, அதான்" என்றான். அதன்பின் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தான்.

வந்த புதிதில் ஒரு நாள், தையல் நூல் வாங்கிவரச் சொல்லிப் பெரிய கடைவளாகத்துக்கு அனுப்பினேன். போனவன் போனவன்தான். தேடிக்கொண்டு போனால், மூன்றாவது மாடியில் விளையாட்டுக் கூடத்தில், ஜோடியாக நிற்கிற இரண்டு மேளங்களில் ஒன்றின் முன்னால் வியர்த்து வழிய நின்றுகொண்டிருக்கிறான். சுற்றி நாலு பேர் வேடிக்கை. பக்கத்து மேளத்தில் யாரென்றே தெரியாத ஒரு பஸ் டிரைவர், சீருடையோடு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடிக்கிறார்கள், ஒரே நேரத்தில் நிறுத்துகிறார்கள். பாட்டு முடிந்ததும் தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்ததால், நூலைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கூடத்தில் யாரும் யாருடைய பேரையும் கேட்பதில்லை. தொழிலை வைத்தே கூப்பிடுவார்கள். அங்கே கிடக்கிற குச்சிகள் கனமாக இருக்கின்றன என்று, தம்பி தொழிற்சாலைத் துண்டு மரத்தில் மெல்லிசாகக் கடைந்து தனக்கு ஒரு ஜோடி செய்துகொண்டான். பிறகு டிரைவருக்கு ஒரு ஜோடி. பிறகு கேட்டவர்களுக்கெல்லாம். அதிலிருந்து அவன் பேர் குச்சிக்காரர். ஆள் பீப்பாய் மாதிரி இருப்பான், பேர் குச்சிக்காரர்! ஆனால் வீட்டில் நாலு வார்த்தை பேசாதவன் அங்கே பேசினால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். அதை என் கண்ணால் பார்த்தேன்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் கூடத்தில் கூடுவார்கள். முதலில் தம்பியின் தொகுப்பைப் பெரிய திரையில் போட்டுப் பார்ப்பார்கள். பிறகு அந்த வருஷத்தோடு போகப்போகிற பாட்டுகளை ஆளுக்கொன்றாகக் கடைசித் தடவை அடித்து வழியனுப்புவார்கள். ஒரு அடிகூடத் தவறாமல் அடித்து அனுப்புவதுதான் மரியாதையாம். அடுத்த நாள் மெஷினைப் போட்டால் அந்தப் பாட்டு இருக்காது.

இந்த வருஷத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் மெஷினில் ஏதோ புதுப்பித்தார்கள். அதிலிருந்து தம்பிக்கு ஒரே புலம்பல்.

"கா செத்துப்போச்சுக்கா. முன்னெல்லாம் விளிம்புல அடிச்சா சுள்ளுன்னு கேக்கும். இப்ப தலகாணியில அடிச்ச மாதிரி இருக்கு. பாட்டுல மணிச் சத்தம், குழல் சத்தம் எல்லாத்தையும் மழுங்கடிச்சு வெச்சிருக்கானுங்க."

"எனக்கு எல்லாம் ஒரே டமால் டுமீல்தான்டா" என்றேன் நான்.

பஸ் டிரைவர் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவரிடமும் இதே பேச்சு. அவர் வெகுளி. "எங்களுக்கு நல்லாத்தானே கேக்குது குச்சிக்காரரே" என்றார். தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க நாள் பூரா ஹார்ன் அடிச்சு அடிச்சுக் காது தடிச்சுப்போச்சு" என்றான். பாவம், அந்த மனிதர் சிரித்துவிட்டு மிச்சக் காப்பியைக் குடித்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

நவம்பரில் மேஜை மூலை பிடித்தான். இந்தத் தடவை அவன் பேச்சில் வேறு ஒரு சூடு. நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். "இத்தனை வருஷம் இந்த விளையாட்டை நம்புனோம். நம்ம காதையே ஏமாத்துறாங்க. கேட்டும் கேக்காத மாதிரி இருக்குறவங்க எல்லாம் இதுக்கு உடந்தை" என்று மைக்கில் பொரிந்து தள்ளினான். உடந்தை யார் என்று எனக்குத் தெரியும், டிரைவருக்கும் தெரிந்துவிடும். பேசும்போது அவன் குரல் தெருமுனை வரை போனது. கீழ்வீட்டம்மா துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்து, "யாருக்குப் பிரசங்கம்?" என்று சத்தம் போட்டாள். அவள் வருஷம் பூராவும் இடித்துக்கொண்டுதான் இருந்தாள். டிவி சத்தம், மேளச் சத்தம், எதைக் குறைக்கச் சொன்னாலும், "இதுக்கு மேல கொறைச்சா பொம்மைதான் தெரியும்" என்பான்.

இன்னொரு சண்டையும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் துணியை அவனே துவைத்துக்கொள்ள வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். துவைக்கிற மெஷின் வேலை முடிந்ததும் ‘கீங் கீங்’ என்று கூப்பிடும். அவன் அசையமாட்டான். ஈரத்துணி ஊறிப்போய் நாறும். பிரிஜ் கதவைத் திறந்தபடி விட்டால் அதுவும் குருவி மாதிரி கத்தும், அதன் முன்னாலேயே நின்று ஆற அமர மோர் குடிப்பான். "காதுல என்ன பஞ்சா வெச்சிருக்க?" என்று நான் கத்தாத நாள் இல்லை. சோம்பேறி என்றேன், திமிர் என்றேன், மாடு என்றும் சொன்னேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். மருந்து அட்டையைக் கவுன்டரில் வீசினார். "இப்பல்லாம் எழுத்த ஒழுங்காவே அடிக்கிறதில்லம்மா. மை மிச்சம் பிடிக்கிறானுங்க" என்று ஒரே ஆர்ப்பாட்டம். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான். கண்ணைக் குறை சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. எழுத்து சரியில்லை, விளக்கு சரியில்லை, ரோட்டுப் பலகையைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்றுதான் வருவார்கள். நான் வழக்கம்போல் ஒரு கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டினேன். அட்டையைப் பார்த்தார். கோபம் இறங்கி, "ஓ" என்று மட்டும் சொன்னார்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ‘மழுங்கடிச்சு வெச்சிருக்கானுங்க.’ இந்த மனிதர் பேசிய அதே பேச்சு, அதே கோபம். ஆறு மாதமாக என் வீட்டு மேஜையில் கேட்டுக்கொண்டிருக்கிறேனே! அடப் பாவி, எனக்கு உறைக்கவே இல்லையே!

அன்று மாலை அவன் வேலையிலிருந்து வந்ததும், நான் துவைக்கிற மெஷினைச் சும்மா ஓடவிட்டுப் பக்கத்திலேயே அவனை நிற்கவைத்து ஊர்க்கதை பேசினேன். அது கூப்பிட்டது. என் காதைக் குடைந்தது. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "அப்புறம்?" என்றான்.

"டேய், மெஷின் கூப்பிடுது."

திரும்பிப் பார்த்தான். சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. "இல்லையே" என்றான்.

சுற்றிவளைத்துப் பேச எனக்கு வராது. "கா எங்கயும் போகலடா. உன் காதுதான் போயிட்டிருக்கு. அந்த வீடியோவ அப்படியே போட்டேன்னா, அத்தன பேர் முன்னால நீதான் அசிங்கப்படுவ. மொதல்ல போய்க் காதைக் காட்டு" என்றேன்.

அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "எனக்கா? ஒரு அடி முன்னப்பின்ன போனாக் கண்டுபிடிக்கிற காது இது! உனக்குப் பாட்டும் தெரியாது, மேளமும் தெரியாது. எனக்குன்னு நாலு பேர் மதிக்கிற எடம் ஒண்ணே ஒண்ணு இருக்கு, அதுவும் உனக்குப் பொறுக்கலையா?"

நான் சும்மா இருப்பேனா? நானும் கத்தினேன். கீழ்வீட்டம்மா இடித்தாள். என் வீட்டுக்காரர் தண்ணீர் மீட்டர் பழுதுபார்க்கிறவர். பேச்சையும் மீட்டர் போட்டுத்தான் விடுவார். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "மாப்ள, காட்டிட்டு வந்து அக்கா வாயை அடைச்சிடு" என்றார். அந்த ஆசையில்தான் அவன் போயிருப்பான் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை காது பரிசோதிக்கிற கடை ஒன்றுக்குத் தனியாகப் போனான். மத்தியானம் வந்தபோது கையில் பிஸ்கட் பொட்டலம். "இந்தா, இனிப்பு. ரெண்டு காதும் பச்சப்புள்ள காது மாதிரி இருக்காம்" என்று மேஜையில் ஒரு காகிதத்தை விரித்தான். அதில் காது கேட்கிற அளவைக் காட்டுகிற கோடு ஆடாமல் அசையாமல் ஓடியது. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் முகத்தில் ஈயாடவில்லை. "சரிடா, நல்லதா போச்சு" என்றேன். அவன் அதைப் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டு மைக்கைப் பிடித்தான். வழியனுப்பும் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

ஆனால் ஈரத்துணி மறுபடியும் நாறியது. பிரிஜ் குருவி மறுபடியும் கத்தியது. காகிதம் ஒன்று சொல்கிறது, வீடு வேறு சொல்கிறது. எனக்குத் தூக்கத்தில்கூட அதே யோசனை. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, சாயங்காலம் காப்பி கொடுக்கிற சாக்கில் கேட்டேன்.

"அங்க என்னடா செஞ்சாங்க?"

"காதுல ஒண்ண மாட்டிக் கையில ஒரு பட்டன் குடுத்தாங்க. சத்தம் கேட்டா அழுத்தணும். சின்னப் பையன் ஒருத்தன்தான் பாத்தான், ஏதோ அவசரத்துல இருந்தான்." சொல்லும்போதே அவன் சிரித்தான். "மேளத்துல மொதல் பாடம் இருக்கும் பாரு, கொழந்தைங்களுக்கு, அத விட சுளு. ஒரே சீரா வந்துச்சு. டொன்... டொன்... டொன்... தூங்கிக்கிட்டே அடிக்கலாம்."

அவன் விரல் மேஜையில் தட்டிக்கொண்டிருந்தது. ஒரே சீராக. பேச்சு நின்ற பிறகும் விரல் நிற்கவில்லை. நான் அந்த விரலையே பார்த்தேன்.

"டேய், ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. நீ கேட்டு அழுத்துனியா, தாளத்துக்கு அழுத்துனியா?"

விரல் நின்றது.

அவன் முகத்தில் ஒவ்வொன்றாக என்னவெல்லாமோ வந்து போனது. முதலில் கோபம் வரப் பார்த்தது, பாதியில் திரும்பிப் போனது. கண்ணை மூடிக்கொண்டான். அந்தச் சின்ன அறையை, அந்தப் பட்டனை, நினைவில் மறுபடியும் ஓட்டிப் பார்க்கிறான் என்று தெரிந்தது. காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

"ஆரம்பத்துல கேட்டுச்சு" என்றான் மெதுவாக. "கனத்த சத்தம் எல்லாம் கேட்டுச்சு. அப்புறம்... கை தானா போச்சுக்கா. எங்க வரணுமோ அங்க அழுத்திட்டேன். கேட்டுச்சான்னு..."

எந்த ஊரில், எந்தக் காதுக் கடையில் இப்படி ஒரு கூத்து நடந்திருக்கும்? காது கேட்காமலே காது தேர்வில் தேறியவன் என் தம்பி ஒருத்தன்தான். சிரிக்கத்தான் வேண்டும். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த முறை நானும் கூடப் போனேன், ஆஸ்பத்திரிக்கே. பார்த்த டாக்டரம்மா நிதானக்காரி. அவன் தொழிலையும் விளையாட்டையும் நான் முன்பே சொல்லிவிட்டேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் பார்த்தேன். அந்தம்மா சத்தத்தைச் சீராக விடவில்லை. இரண்டு விட்டார், நிறுத்தினார். வெகுநேரம் ஒன்றுமே விடவில்லை. அவன் கட்டைவிரல் துடித்தது, பட்டன் அழுந்தியது.

"சத்தமே வரலயே, ஏன் அழுத்துனீங்க?" என்றார் மைக்கில்.

தம்பி கையை மடியில் வைத்துக்கொண்டான். அதன்பின் ஒழுங்காக, கேட்டதற்கு மட்டும் அழுத்தினான். வரவர அந்தக் கை மடியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கீச்சென்ற மேல்சுருதி ஓசை ஒவ்வொன்றும் இந்தப் பக்கத்து ஒலிபெருக்கியில் எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் அவன் ஒன்றும் வராததுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரம்பத்துக்கிட்ட நிக்கும்போது காதுக்கு மூடி போடுறதில்லையா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"தெனமும் போடுறேன்" என்றான். பிறகு என்னைப் பார்க்காமல், "உள்ளே இயர்போன் போட்டிருப்பேன். புதுப் பாட்டெல்லாம் மனப்பாடம் ஆகணுமில்ல" என்றான்.

ரம்பத்தின் இரைச்சலுக்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் எவ்வளவு சத்தம் வைத்திருப்பான்! அதுவும் காலை முதல் மாலை வரை, வருஷக்கணக்கில்! அங்கேயே அவன் தலையில் ஒன்று வைக்கலாம்போல் இருந்தது. டாக்டரம்மா இருந்தார், தப்பித்தான். கீச்சுச் சத்தங்கள்தான் போயிருக்கின்றன, போனது திரும்பாது என்றார். ஒரு கருவி மாட்டினால் கொஞ்சம் கேட்கும், ஆனால் பழைய மாதிரி இருக்காது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த இயர்போனைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்தவன் மடிக்கணினியை மூடி அலமாரிக்கு மேலே வைத்தான். மேஜை மூலை காலியானது. இரண்டு நாள் அந்த இடத்தில் தட்டு வைத்துச் சாப்பிட்டேன், சோறு இறங்கவில்லை. என் மேஜை எனக்குத் திரும்பக் கிடைத்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

"வீடியோ?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. இந்த வருஷமும் இல்ல, இனிமேலும் இல்ல. பாதிப் பாட்டு கேக்காதவன் பாட்டப் பத்திப் பேசுறது என்ன நியாயம்? கண்ணால பாத்து அடிச்சிடுவேன். கா கேட்டுச்சா இல்லையான்னு எனக்கு யார் சொல்வா?"

"நான் சொல்றேன்."

"நீயா?" அத்தனை வருத்தத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்கு எல்லாம் டமால் டுமீல் ஆச்சே."

"கத்துக்குடு" என்றேன். "நாலு எழுத்தக் காட்டி எது தெரியுது, எது தெரியலன்னு நாள் பூரா கேக்குறவ நான். அதையே காதுல செய்ய மாட்டேனா?"

அன்று மாலையே வீட்டு மேளத்தை நடு அறையில் வைத்தான். டிவி சத்தத்தை என் காதுக்குத் தக்க அளவு குறைத்தோம். வருஷத்தில் முதல் தடவையாகக் கீழே துடைப்பம் இடிக்கவில்லை. அவன் அடிப்பான், நான் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதலில் எனக்கு எது டொன், எது பாட்டுக்குள்ளிருக்கிற மத்தளம் என்றே பிரியவில்லை. "இப்ப?" என்பான். "கேட்டுச்சு." "அது கா இல்லக்கா, கைதட்டல்." இப்படியே ஒரு வாரம் என் மானம் போனது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அது பிரிந்து வந்தது. கா ஒரு அழகான சத்தம்தான். காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி சின்னதாக, சுத்தமாக இருந்தது. இதையா இவன் இழந்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவனிடம் அதைச் சொல்லவும் சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டு அடுத்த பாட்டைப் போட்டான்.

சனிக்கிழமை அலமாரி மேலிருந்து மடிக்கணினி இறங்கியது. என்னைச் சமையலறைக்குள் துரத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் என்னவோ பேசிப் பதிந்தான். என்ன என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் கூடத்துக்குப் போனோம். பஸ் டிரைவர் ஒதுங்கி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். தம்பி அவரைப் பார்த்தான், அவர் கூரையைப் பார்த்தார். பெரிய திரையில் தொகுப்பு ஓடியது. புதுப் பாட்டுகள், கை ஒடித்தவை, வீட்டு மேளத்தின் ரப்பர், எல்லாம் வழக்கம்போல் வந்தன. புதுப்பித்ததைப் பற்றி ஒரு குற்றச்சாட்டும் இல்லை. கடைசியில் ‘விடைபெற்றவை’ வந்தது. போகிற பாட்டுகளைப் பேர் பேராகச் சொன்னான். பிறகு திரையில் அவன் குரல் ஒரு கணம் நின்றது.

"இந்தப் பட்டியல்ல இன்னும் ஒண்ணு இருக்கு. கா. அது மெஷினை விட்டுப் போகல, என் காதை விட்டுப் போயிடுச்சு. அது தெரியாம ஆறு மாசமா மெஷினத் திட்டுனேன், ஒரு நல்ல மனுஷனையும் திட்டுனேன். அவருக்குக் காது தடிக்கல. எனக்குத்தான். ரம்பத்துக்கிட்ட பாட்டுக் கேட்டே கெடுத்துக்கிட்டேன். நீங்க அப்படிச் செய்யாதீங்க. இவ்வளவு வருஷம் சுள்ளுன்னு கேட்டதுக்கு, காவுக்கு நன்றி."

பஸ் டிரைவர் நேராக வந்து, தம்பி கடைந்து கொடுத்த தன் குச்சிகளை உறையிலிருந்து எடுத்துக்கொண்டு, "வாங்க குச்சிக்காரரே, வழியனுப்பலாம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வெகுளி என்று சொன்னேன் இல்லையா?

போகிற பாட்டுகளில் எல்லோருக்கும் பிடித்தது ஒன்று இருந்தது, ஒரு பெண் குரலும் குழலும் மாறி மாறி வருகிற பாட்டு. அதை இவர்கள் இரண்டு பேருக்கும் விட்டுவைத்திருந்தார்கள். தம்பி என்னைத் தன் மேளத்துக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். டிரைவரின் கா ஒரு பக்கம், தம்பியின் கா என் பக்கம். சுள்ளி ஒடிந்துகொண்டே இருந்தது. என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு கவனமாக நான் கேட்டதில்லை.

பாட்டு முடிந்ததும் கூட்டம் "ஐயோ" என்றது. கண்ணைத் திறந்தேன். டிரைவரின் பக்கம் முழுசாக வந்திருந்தது. தம்பியின் பக்கம் ஒரே ஒரு அடி தவறியிருந்தது. இனி அந்தப் பாட்டை யாரும் அடிக்க முடியாது, திருத்தவும் முடியாது. "பரவால்ல குச்சிக்காரரே, கேக்காம அடிக்கிறதுன்னா சும்மாவா" என்று முதுகில் தட்டினார்கள். பாவப்படுகிற பார்வை நாலைந்து அவன் மேல் விழுந்தது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

அவன் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான்.

"எல்லா காவும் கேட்டுச்சாக்கா?"

கேட்டது என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு பொய்யில் என்ன குறைந்துவிடும்? ஆனால் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், நாங்கள் கடையில் கண்ணாடியை மாட்டிவிட்டுப் பார்ப்போமே, அப்படி.

"நடுவுல ஒண்ணு வரலடா" என்றேன். "அந்தப் பொண்ணு நிறுத்தி, குழல் தனியா ஆரம்பிக்கிற எடத்துல. டொன் ரெண்டு அடிச்ச, அடுத்து கா வரணும். வரல."

அவன் முகம் மலர்ந்தது. முதல் நாள் இதே மேளத்தின் முன்னால் பார்த்தேனே, அதே சிரிப்பு.

"அத நான்தான் விட்டேன்."

"விட்டியா? கடைசித் தடவடா! ஏன்டா விட்ட?"

"உனக்குக் கேக்குதான்னு பாத்தேன்" என்றான். "சரி, அடுத்த வருஷமும் அந்த மேஜை மூலை எனக்கு வேணும்."

கையிலிருந்த பையால் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். எனக்குக் கண்ணே தெரியவில்லை, அப்படித் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.